பூட்டும் ஒன்பது கேள்விகளும்

அழைப்பு மணி அடித்ததுமே செக்கர் அவசரமாகத் தலையை வாரிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை. முதியோர் நல மையத்திலிருந்து அந்தப் பெண் வரும் நாள். அவளோடு பேசும் அரைமணி நேரத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

ரயிலில் முப்பத்துநாலு வருஷம் டிக்கெட் பரிசோதித்தவர்; அதனால் எல்லோருக்கும் அவர் செக்கர்தான். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு ஒருநாள் அடுப்பை அணைக்காமல் வெளியே போய், வழி தெரியாமல் சுற்றினார். அன்றிலிருந்து மகன் வேலைக்குப் போகும்போது கதவை வெளியே பூட்டி, இரண்டு தடவை இழுத்தும் பார்ப்பான். பாசம்தான், யார் இல்லை என்றது? ஆனால் சாவி அவன் பையில் அல்லவா இருக்கிறது!

அவள் தாளை விரித்து ஒன்பது கேள்வி கேட்பாள். மனசு சோர்வா? தூக்கம் கெடுதா? பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகன் முகம் வாடிவிடக்கூடாதே என்று செக்கர், "அதெல்லாம் ஒண்ணுமில்லைம்மா" என்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார் மனுஷன்.

அன்று அவள் சிரித்தபடி தாளை நீட்டினாள். "மூணு மாசமா எல்லாமே பூஜ்யம் தாத்தா. நல்லா இருக்கீங்க. இனிமே நான் வர வேண்டாம்னு மையத்துல சொல்லிட்டாங்க. இங்க ஒரு கையெழுத்து போடுங்க."

"ரொம்ப சந்தோஷம்," என்றான் மகன்.

செக்கர் பேனாவைக் கையில் எடுத்தார். அடப்பாவி, என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேனே! முகம் மாறாமல் பொய் சொன்ன எத்தனை பேரை ரயிலில் பிடித்திருக்கிறார். பேனாவைக் கீழே வைத்தார்.

"முதல் கேள்வியை இன்னொரு தடவை கேளும்மா."

"மனசு சோர்வா இருக்கா?"

"இருக்கு."

"அப்பா!"

"நீ சும்மா இருடா. இத்தனை நாளா பொய் சொன்னேம்மா. நீ போனதும் இவன் பூட்டிட்டுப் போயிடுவான். சாயங்காலம் வரைக்கும் கதவையே பார்த்துட்டு இருப்பேன். பயமா இருக்கும்மா."

அவள் புதுத் தாளை எடுத்தாள். ஒன்பதில் எட்டுக்கு "ஆமா" விழுந்தது.

"அடுத்த செவ்வாய்க்கிழமையும் வரேன் தாத்தா." பிறகு மகனிடம், "பூட்டைப் பத்திப் பேசணும் சார். பகல்ல இவர் மையத்துக்கு வரலாம், வண்டி இருக்கு," என்றாள்.

அவள் போனதும் மகன் கடிகாரத்தைப் பார்த்தான். வேலைக்கு நேரமாகிவிட்டது. சாவியோடு வாசலில் நின்றான்.

"இந்த ஒரு வாரம்தான்ப்பா," என்றான், அவர் கண்ணைப் பார்க்காமல்.

வெளியே பூட்டு விழுந்தது. செக்கர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். இன்று அவன் ஒரு தடவைதான் இழுத்துப் பார்த்தான்.