கவிழ்த்து வைக்கவும்

அந்த நூலகத்தின் தலைமை நூலகருக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் பூட்டு. முகத்துக்கு நேரே சார், முதுகுக்குப் பின்னால் பூட்டு. அது அவருக்கும் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. தெரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல் இருப்பதற்குத்தானே சம்பளம் வாங்குகிறார்.

கவுன்டரின் கண்ணாடிக்கு அடியில் ஓர் அறிவிப்பு இருந்தது: 'புத்தகத்தைக் கவிழ்த்து வைக்கவும்.' பார்கோடு பின்னட்டையில் இருந்ததால் வாசகர் கவிழ்த்து வைப்பார், ஊழியர் பீப் அடித்து அப்படியே தள்ளிவிடுவார். முன்னட்டையை யாரும் பார்க்க வேண்டியதில்லை. தரையில் ஒரு மஞ்சள் கோடு. அடுத்த ஆள் அதற்குப் பின்னால் நின்று, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். முன்பதிவு செய்த புத்தகங்கள் பழுப்புக் காகிதத்துக்குள், எண் மட்டும் தாங்கி, ஆள் தெரியாத கைதிகள் மாதிரி அலமாரியில் காத்திருக்கும். கார்டும் எண்ணும் கொண்டுவருபவரிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் கொடுத்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, புத்தகம் திரும்பி வந்த நொடியில் அதை யார் எடுத்துப்போனார் என்ற தகவல் கணினியிலிருந்தே அழிந்துவிடும். இந்தக் கடைசி ஏற்பாட்டுக்காகப் பூட்டு கமிட்டிக் கூட்டங்களில் தொண்டை கட்டும்வரை கத்தியிருக்கிறார்.

ஒருமுறை ஓர் அம்மாள் மூச்சு வாங்க வந்து நின்றார்.

"என் மருமக இங்கதான் வர்றா. என்ன படிக்கிறான்னு சொல்லுங்க."

"தெரியாதும்மா."

"கம்ப்யூட்டர்ல பாருங்க."

"அதுக்கும் தெரியாது."

"அப்புறம் என்னத்துக்கு அதுக்குக் கரன்ட்டு?"

நியாயமான கேள்வி என்றுதான் பூட்டுக்கும் பட்டது. ஒரு போலீஸ் அதிகாரியும் வந்தார். மேசையைத் தட்டினார், சட்டம் பேசினார், வெறுங்கையோடு போனார். மறுவாரம் சாதாரணச் சட்டையில் வந்து உறுப்பினராகச் சேர்ந்து, ஒரு புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் பார்க்கவில்லை. பூட்டின் வாழ்க்கையிலேயே அதுதான் பெரிய வெற்றி.

அவருடைய தம்பிக்கு மட்டும் இதெல்லாம் பெரிய தமாஷ். அவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மேலும் கீழும் அனுப்பிக்கொண்டிருந்தவன். வேலை முடிந்ததும் கிரீஸ் கையோடு நூலகத்துக்கு வருவான், புத்தகத்தைக் கவிழ்த்து வைத்து, "பாத்துடாதண்ணா, பாவம் பிடிச்சுக்கும்" என்பான். வீட்டில் சமையலும் அவன்தான். அவன் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எந்தக் கணக்கையும் நொடியில் போட்டுவிடுவாள், குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பதை மட்டும் எண்ணத் தவறிவிடுவாள்.

கவுன்டரில் அண்ணனிடம் கடைசியாக வந்த அன்று தம்பி புத்தகத்தை நிமிர்த்தி வைத்தான்.

பூட்டு திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே அதைப் புரட்டிப் போட்டார். அந்தக் கைக்கு அவ்வளவு பழக்கம்.

"அட்டையையாவது பாரேண்ணா."

"அறிவிப்பைப் படிக்கலையா நீ?"

"ஒரு தடவை பாத்தா கண்ணு அவிஞ்சா போயிடும்?"

"கூடப்பொறந்தவனுக்குன்னு தனிச் சட்டமெல்லாம் கிடையாதுடா."

தம்பி புரண்டு கிடந்த பின்னட்டையை ஒரு விரலால் தட்டினான். பிறகு சிரித்தான். "சரிதான். பூட்டுகிட்டயே வந்து கதவைத் தட்டறேன் பாரு" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனான். அது பிறகு பூட்டு கவுன்டரில் இல்லாத ஒரு நாளில் திரும்பி வந்தது, யாரோ பீப் அடித்தார்கள், தகவல் அழிந்தது. எல்லாம் முறைப்படி.

அதற்கப்புறம் ஒருநாள் வேலைசெய்துகொண்டிருந்த இடத்திலேயே சுருண்டு விழுந்தான். கணையத்தில் கட்டி. "இது இன்னிக்கு நேத்து வந்தது இல்ல. அவருக்கே ஏதாவது தெரிஞ்சிருக்கும்" என்றார் டாக்டர். கேட்கலாமென்றால் அவனுக்கு நினைவே திரும்பவில்லை. அந்த மாதம் முடிவதற்குள் போய்விட்டான்.

தம்பி மனைவி நூலகத்துக்கு வந்தது ஒரு பிற்பகல். மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் வரிசையில் நின்று, முறை வந்ததும்தான் கவுன்டருக்கு வந்தாள்.

"மாமா, ஒண்ணு கேக்கணும்."

"உள்ள வந்து உக்காரும்மா."

"வேண்டாம். உக்காந்தா எழுந்திரிக்க மாட்டேன்." கவுன்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அவர் கடைசி ஆறேழு மாசமா என்ன படிச்சாருன்னு பாத்துச் சொல்லுங்க. அந்த வியாதியைப் பத்திப் படிச்சிருந்தா, தெரிஞ்சேதான் மறைச்சிருக்காரு. இல்லைன்னா அந்த மனுஷனுக்கே தெரியாது. வீடு பூரா தேடிட்டேன். டூல்ஸ் பெட்டியைக்கூடக் கொட்டிப் பாத்துட்டேன், ஸ்க்ரூதான் இருக்கு."

"தெரிஞ்சு என்னம்மா ஆகப்போகுது?"

"அவர் மேல கோவப்படணுமா, டாக்டர் மேலயா, கடவுள் மேலயான்னு தெரியணும் மாமா. எல்லார் மேலயும் கோவப்பட என்னால முடியல. ஸ்கூலுக்கு வேற போகணும்."

பூட்டு தம்பியின் பெயரைத் தட்டினார். தெரிந்தே தட்டினார். உறுப்பினர் விவரம் வந்தது, படம் வந்தது. படத்தில் தம்பி கிரீஸ் கறையோடு சிரித்தான். அதற்குக் கீழே படித்த புத்தகங்கள் இருந்திருக்க வேண்டிய இடம் சுத்தமாக இருந்தது. உலகத்திலேயே அவ்வளவு ஒழுங்காகச் செய்யப்பட்ட வேலையை அவர் பார்த்ததில்லை.

"இல்லம்மா. அழிஞ்சிடுச்சு."

"யாரு அழிச்சா?"

"நான்தான்."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ பையிலிருந்து தம்பியின் போனை எடுத்து நீட்டினாள். "அப்ப இது என்ன? காலைல வந்துச்சு."

'உங்கள் நூல் வந்துவிட்டது. எண் 4417. வசதிப்படும்போது வந்து பெற்றுக்கொள்ளவும்.'

பெயரும் கிடையாது, தலைப்பும் கிடையாது. வேறு யாராவது போனைப் பார்த்தாலும் ஒன்றும் புரியக்கூடாது என்று ஒரு வாரம் உட்கார்ந்து பூட்டே எழுதிய வாசகம். தம்பி எப்போதோ முன்பதிவு செய்திருக்கிறான். அவனுக்கு முன்னால் ஆட்கள் இருந்திருக்கிறார்கள். புத்தகத்துக்கு இருந்த பொறுமை அவன் உடம்புக்கு இல்லை.

"கார்டு இருக்கா?"

கொடுத்தாள். பூட்டு அலமாரியிலிருந்து பொட்டலத்தை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தார். கொஞ்சம் கனமாக இருந்தது. மருத்துவப் புத்தகங்கள் கனமாகத்தான் இருக்கும்.

"நீங்களே பிரிங்க மாமா."

"நான் பாக்கக் கூடாதும்மா."

"என்னால முடியாது மாமா."

அவர் பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். காகிதத்தைப் பிரித்தார்.

'ஒருவருக்கான சமையல்: அடுப்பே பற்றவைக்கத் தெரியாதவர்களுக்கு.'

அட்டையில் ஒரு சின்னத் தட்டு, ஒரே ஒரு தம்ளர்.

அவள் தலைப்பை ஒருமுறை வாய்விட்டுப் படித்தாள். சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்தது, பாதியிலேயே உடைந்தது. "அடுப்பு பத்தவைக்கத் தெரியும்" என்றாள். "அது தெரியும். அணைக்கத்தான் மறந்துடுவேன்." முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். "அப்ப தெரிஞ்சிருக்கு அவருக்கு."

"ம்."

"நான் எப்படிச் சாப்பிடுவேன்னுகூட யோசிச்சிருக்காரு. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லலை. நான்தான் கத்துவேன், அழுவேன். உங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாமே மாமா? கூடப்பொறந்தவர்தானே நீங்க?"

பூட்டு கவுன்டரைப் பார்த்தார். கண்ணாடிக்கு அடியில் அவருடைய அறிவிப்பு, அவர் தேர்ந்தெடுத்த எழுத்தில், பளிச்சென்று இருந்தது.

"காட்டினான்மா" என்றார். "நிமித்தித்தான் வச்சான். கவுத்தது நான்."

அவள் ஏன், எப்போது என்று கேட்கவில்லை. வெகுநேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோபத்துக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டதா, அதற்கும் தெம்பில்லையா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் புத்தகத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"திருப்பிக் குடுத்தாத்தானே அழியும்?"

"ஆமா."

"குடுக்கலைன்னா?"

"அவன் பேர்லயே இருக்கும்."

"அப்ப அவர் கார்டுலயே போடுங்க."

இறந்தவர் கார்டில் புத்தகம் தரக்கூடாது. அந்த விதியையும் எழுதியது அவர்தான். கார்டை ஸ்கேனரில் வைத்தார். திரையில் தம்பி மறுபடி சிரித்தான். பார்கோடுக்காக அவர் கை புத்தகத்தின் மேல் போனது, விரல்கள் விளிம்பைப் பிடித்தன, அப்படியே நின்றுவிட்டன. புரட்ட முடியவில்லை. அட்டையைத் திறந்து, உள்பக்கத்தில் அச்சடித்திருந்த எண்ணைப் பார்த்து ஒரே விரலால் தட்ட ஆரம்பித்தார். தவறாகப் போனது. அழித்தார். மறுபடி தட்டினார். எண்கள் கலங்கித் தெரிந்தன. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. அந்தப் போலீஸ் அதிகாரியும் அதில் இருந்தார். எல்லோரும் தங்கள் புத்தகங்களைக் கவிழ்த்துப் பிடித்தபடி, அவர் பழக்கியிருந்த மாதிரியே, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்கள்.