முதல் வரி அக்காவுக்கு

அக்கா கம்ப்யூட்டரை ஆன் செய்தாள். அது வேறு ஏதோ ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் போய் நின்றது. அவளுடைய சிஸ்டத்தையே காணவில்லை. அவள் தையற்காரி. மாலையில் வரவிருந்த நாடகக் குழுவின் உடைகளுக்கான படங்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன.

"டேய், என்னடா பண்ணித் தொலைச்சே?"

"கேம் ஆட இன்னொரு சிஸ்டம் ஏத்தினேன்க்கா. அதுக்குத் தனியாத்தான் இடம் ஒதுக்கினேன்" என்றான் தம்பி.

"அப்போ என்னோடது?"

"உள்ளேயேதான் இருக்கு. ஆன் பண்ணதும் எந்த சிஸ்டத்தைத் திறக்கணும்னு கேக்கிற சின்ன புரோகிராம் ஒண்ணு உண்டு. புதுசு அதை அழிச்சிட்டுத் தன்னோடதை வெச்சிடுச்சு. ஒரு வார்த்தை கேக்கலைக்கா!"

"ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டுச்சாம். நீ மட்டும் என்னைக் கேட்டியா?"

தம்பி பென்டிரைவைச் செருகி, பழைய புரோகிராமை மறுபடி எழுதினான். அதுவரை அக்கா கத்திரிக்கோலோடு அவன் பின்னாலேயே நின்றாள்.

திரையில் சிஸ்டத்துக்கு ஒன்றாக இரண்டு வரிகள் வந்தன. முதல் வரியைத் திறந்து பார்த்தாள். ஒரு படம்கூடக் குறையவில்லை.

"இந்த வரிகள்ல பேரை மாத்தலாமா?"

"மாத்தலாம்க்கா."

இப்போது கம்ப்யூட்டரைத் திறந்தால் முதல் வரியில் 'அக்கா' என்று வரும். இரண்டாவது வரியில் 'அக்காவைக் கேட்டாச்சு' என்று வரும்.

"ரெண்டு வரியில எதையும் தொடாம விட்டா?"

"தானா உன்னோடதுதான் திறக்கும்."

"அது மரியாதை!" என்று அக்கா துணியை விரித்தாள்.