ஆஹென் காட்டில் எடுக்காத பெட்டி

1

சூசைதாசன் கடைசியாகச் செய்த சாதாரண வேலை, தொலைக்காட்சி ரிமோட்டின் முதுகைத் திறந்து இரண்டு பற்றறிகளைக் கழற்றியதுதான். ஜெர்மனியின் எசன் நகரில், 2007ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்து ஞாயிறு ஒன்றின் காலை. கழற்றியவற்றைத் தன் கையடக்கக் கருவிக்குள் போட்டுக்கொண்டு, "பின்னேரம் புதுசு வாங்கிக்கொண்டு வாறன்" என்றார்.

(ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு. இதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன். எங்கே வாங்க நினைத்தார்? பெற்றோல் நிலையத்திலா? முதல் பத்தியிலேயே சந்தேகம் வந்துவிட்டது. வாசகரே, இந்தக் கதை பிறந்ததும் இப்படித்தான்.)

அவருடைய மனைவியின் பெயர் பேர்பெச்சுவா. "நான்" என்று தொடங்கிய பக்கங்களைக் கிழித்துவிட்டேன். நான் என்று எழுதினால் அழுகை வருகிறது. அவள் என்று எழுதினால் யோசனை வருகிறது. ஆகவே அவள்.

2

விளையாட்டை விளக்கிவிடுகிறேன். யாரோ ஒருவர் ஒரு பெட்டியைக் காட்டிலோ பாலத்தின் கீழோ ஒளித்துவைத்து, அந்த இடத்தின் ஆள்கூற்று எண்களை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் செய்மதி வழி இடம் காட்டும் கருவியோடு போய்த் தேடி, உள்ளே கிடக்கும் தாளில் தங்கள் பெயரை எழுதி, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவார்கள். பரிசு கிடையாது. "இதுக்கோ இவ்வளவு பெற்றோல்?" என்று பேர்பெச்சுவா முதல்முறை கேட்டாள். அடுத்தமுறை அவருக்கு முன்பே சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

அவளை இழுத்தது அச்சடித்த தாள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பக்கம். அதன் அடியில் ஒரு குறிப்பு, வேண்டாதவர் வாசித்துவிடாதபடி எழுத்து மாற்றி இருக்கும்: ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக, பதின்மூன்று எழுத்துத் தள்ளி நிற்கும் எழுத்து. கார் ஓட்ட அவர், பென்சிலோடு குறிப்பை அவிழ்க்க அவள். மொழி வகுப்பில் பிடிபடாத ஜெர்மன் சொற்கள் மடியில் வைத்த அந்தத் தாளில் எழுத்தெழுத்தாக வந்து சேர்ந்தன: வேர், தூண், கைப்பிடி, பாசி.

ஒருமுறை ரயில் பாலத்தின் கீழே குனிந்து நின்றபோது பொலிஸ் வந்தது. பாலத்துக்கடியில் இரண்டு கறுத்த ஆட்கள், கையில் மினுங்கும் கருவி. யாரோ தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்கள். பேர்பெச்சுவா தாளை நீட்டினாள். பொலிஸ்காரர் அதை வாசித்தார், அவள் அவிழ்த்து எழுதியிருந்த குறிப்பையும் வாசித்தார். பிறகு தானே குனிந்து பெட்டியை எடுத்துத் தந்தார்.

"பார்த்தியே, உன்ர கையெழுத்துக்கு ஜெர்மன் பொலிசே குனியுது" என்று சூசைதாசன் வீடு வரும்வரை சிரித்தார்.

3

பிறகு தாள் ஒழிந்தது. அவரோடு வேலை செய்த ஞானசுந்தரம், உள்ளங்கைக்குள் அடங்கும் பழைய கருவி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். நூற்றுக்கணக்கான பக்கங்கள் அதற்குள் ஏறிக்கொண்டன.

"இனி அச்சடிக்கத் தேவையில்லை. எல்லாம் இதுக்குள்ளை" என்றார் சூசைதாசன்.

"குறிப்பு?"

"ஒரு தட்டுத் தட்டினால் தானே அவிழ்க்கும்."

"அப்ப நான் என்னத்துக்கு?"

"நீ வெளியிலை பார்த்துக்கொண்டு வாவன்."

"நான் என்ன நாய்க்குட்டியே, யன்னலாலை தலையை நீட்டிக்கொண்டு வர?"

ஒரு ஞாயிறு யன்னலால் பார்த்துக்கொண்டே போய்வந்தாள். அடுத்த ஞாயிறு கால் நோகிறது என்றாள். "அப்ப நில்லு" என்றார் அவர். வற்புறுத்தவில்லை. வற்புறுத்தாததை இப்போதும் யோசிக்கிறேன்.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அந்தக் கருவி வந்ததால் அவள் தேவையில்லாமல் போனாளா? அல்லது அவள் தேவையில்லாமல் போய்விட்டதால் அந்தக் கருவி வந்ததா?

4

அன்று காட்டில் பனி மூடி, மரங்களெல்லாம்

(விட்டுவிட்டேன். நான் அங்கே இருக்கவில்லை. பனியைப் பற்றி எனக்கென்ன தெரியும்?)

தெரிந்தது இவ்வளவுதான். ஆஹென் காட்டுப் பாதையில், நாயோடு நடக்கப்போன ஒரு பெண் அவர் விழுந்து கிடப்பதைக் கண்டாள். மாரடைப்பு. அவருடைய பொருட்களை ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்ரிக் பையில் போட்டுத் தந்தார்கள்.

எசனைச் சுற்றி எத்தனையோ பெட்டிகள் இருக்க, அவ்வளவு தூரம் ஓடி ஆஹெனுக்கு ஏன்?

முப்பத்தோராம் நாள் பூசை முடியும்வரை பேர்பெச்சுவா பையைத் திறக்கவில்லை. முடிந்த அன்று கருவியை எடுத்து அழுத்தினாள், உயிர் வரவில்லை. புதுப் பற்றறி போட்டாள். வந்தது. வந்ததும், அன்றைக்குத்தான் கடையிலிருந்து இறங்கியதுபோல அவளை வரவேற்று, திரையின் மூலையிலுள்ள புள்ளியைத் தொடச் சொன்னது. அந்த வகைக் கருவி, பற்றறி முழுதாகச் செத்தால் தன்னிடம் இருந்ததையெல்லாம் மறந்துவிடுமாம். ரிமோட்டிலிருந்து கழற்றியவை பாதி தீர்ந்த பற்றறிகள்.*

* தாளாக இருந்திருந்தால் மடித்தபடி கிடந்திருக்கும்.

5

புஷ்பாவை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. அழகியாக எழுதினால் கதை மலிந்துவிடும். அழகில்லாதவளாக எழுதினால் பொய். சூசைதாசனுக்கு முதலில் கலியாணம் பேசிய பெண் அவள். அது சரிவரவில்லை. இப்போது ஆஹெனில் புருசன் பிள்ளைகளோடு இருக்கிறாள்.

பூசைக்கு வந்திருந்தாள். கோயில் மண்டபத்தில் கோப்பியோடு பக்கத்தில் வந்து அமர்ந்தாள்.

"அத்தனை தரம் ஆஹெனுக்கு வந்துபோன மனுசன், ஒருக்காவெண்டாலும் எங்கட வீட்டை எட்டிப் பார்த்திருக்கலாம், அக்கா."

அத்தனை தரம்? பேர்பெச்சுவாவுக்குத் தெரிந்தது கடைசித் தரம் மட்டும்.

"நீங்கள் நாய் வளர்க்கிறியளோ?"

"நாயோ? எனக்கு நாயெண்டால் நடுக்கம். ஏன் அக்கா?"

"சும்மா."

(குற்றமில்லாத ஒருத்தி இதைத்தான் சொல்வாள். கெட்டிக்காரியும் இதைத்தான் சொல்வாள்.)

அடுத்த நாள் பேர்பெச்சுவா ஞானசுந்தரத்தை வீட்டுக்குக் கூப்பிட்டாள்.

"அண்ணை ஆஹெனுக்குப் போய்வாறதைப் புஷ்பாவுக்குச் சொன்னனீயோ?"

"நான் சொல்லேல்லை அக்கா." கொஞ்சம் யோசித்தான். "சொன்னனோ தெரியாது. செத்தவீட்டிலை எத்தினை பேரோடை கதைச்சனான்."

கணினியில் ஆஹென் பெட்டியின் பக்கத்தைத் திறந்து காட்டினான். காட்டுக்குள் ஒரு பெட்டி. அதன் கீழே சூசைதாசன் மூன்று ஞாயிறுகளில் எழுதியிருந்தார். மூன்றிலும் ஒரே சொல்: கிடைக்கவில்லை. நான்காவது ஞாயிற்றை எழுத ஆள் இல்லை.

"ஒண்டையே திருப்பித் திருப்பித் தேடுற ஆள் இல்லை அண்ணை" என்று ஞானசுந்தரமே முணுமுணுத்தான். "விட்டிட்டு அடுத்ததுக்குப் போயிடுவார்."

6

அவன் போனபிறகு அவள் பக்கத்தை அச்சடித்தாள். பென்சிலை எடுத்தாள். கை மறக்கவில்லை. குறிப்பு இப்படி அவிழ்ந்தது: குட்டைத் தூணின் பின்பக்கம், முழங்கால் உயரம், தட்டைக் கல்லை நகர்த்து.

இதைவிட வெளிச்சமாக ஒரு குறிப்பு எழுத முடியாது. கருவியை ஒரு தட்டுத் தட்டியிருந்தால் முதல் ஞாயிறே பெட்டி கையில் இருந்திருக்கும்.

முதலாவது முடிவு: அவர் பெட்டியைத் தேடவேயில்லை. ஞாயிறுகளில் ஆஹெனுக்குப் போக ஒரு சாட்டு வேண்டியிருந்தது. அச்சடித்த தாள் என்றால் வீட்டில் ஒருத்தி வாசிப்பாள். கருவியை யாரும் வாசிப்பதில்லை.

இரண்டாவது முடிவு: ஞானசுந்தரத்திடம் அவள் தொலைபேசியில் குறிப்பைப் பற்றிக் கேட்டாள்.

"அண்ணை குறிப்பைத் தட்டுறேல்லை அக்கா. ‘அது அவவின்ர வேலை, எப்பவாவது திருப்பி வருவா’ எண்டு சொல்லுவார்."

"இது நீ இப்ப யோசிச்சுச் சொல்லுறதோ?"

"சத்தியமா இல்லை."

"அப்ப ஏன் நேற்றுச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே அக்கா."

இரண்டாவது முடிவை எழுதிய இரவு நன்றாக நித்திரை வந்தது. அதனால்தான் அதன்மேல் எனக்குச் சந்தேகம் அதிகம். விதவைக்குச் சொல்வதற்கென்றே செய்ததுபோல அவ்வளவு அளவாக இருக்கிறது. முதலாவது முடிவும் அப்படித்தான்: கோபம் வேண்டிய நாளுக்கு அது அளவாக இருக்கிறது. அவர் ஏன் ஆஹெனைத் தெரிந்தெடுத்தார் என்று இரண்டும் சொல்லவில்லை.

மூன்றாவதாக ஒன்று தொடங்கினேன். பேர்பெச்சுவா ரயிலேறி ஆஹெனில் இறங்கி, காட்டுப் பாதையில்

இல்லை. அவள் போகமாட்டாள். நான் அனுப்பமாட்டேன்.

நீங்கள் ஒரு முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். எதை எடுத்தீர்கள் என்று எனக்கு எழுதவேண்டாம்.

அந்தப் பக்கம் இணையத்தில் இன்னும் இருக்கிறது. பிள்ளைகளோடு போனவர்கள் ‘கிடைத்தது’ என்று சிரித்த முகம் போட்டு எழுதியிருக்கிறார்கள். மேல் மூலையில், தேடுவதற்கு எவ்வளவு கடினம் என்பதற்கு ஐந்து நட்சத்திரங்கள். ஒன்றில் மட்டும்தான் நிறம்.