டயரில் குத்திய பல்

ஆழத்துப் பிள்ளையார் சன்னதியில் படி இறங்கிப் போய், எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். கை இன்னும் எரிகிறது. இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் எனக்கு மிச்சமிருக்கும் பற்கள் அத்தனையும் உதிரட்டும். மொத்தம் பதினொன்று. பன்னிரண்டாவது எப்படிப் போனது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

2006ஆம் வருஷம், ஆடி மாதம். செராமிக் கம்பெனிச் சூளையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகியிருந்தது. எனக்கு அறுபத்தொன்று. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், வாலிபத்தில் ஏற்காட்டு மலைப் பந்தயத்தில் நான் சைக்கிளில் ஜெயித்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிரேக் இல்லாத சைக்கிள். பின்னால் கேரியரில் ஒரு ஆட்டுக்கிடா. பக்கத்து பெஞ்சில் இருந்த சைக்கிள் கிளப் செயலாளர் தேவநாதன் இதைக் கேட்டுவிட்டார். மறுநாளே, ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கான மலைப் பந்தயத்துக்கு என் பேரைக் கொடுத்துவிட்டு வந்து நின்றார். அணிக்கு இரண்டு பேராம். இரண்டாவது ஆள் கோட்டைத் தொடுகிற நேரம்தான் கணக்காம்.

"நம்ம ஊருல ஏதுங்க மலை? எங்க போயி பழகறது?" என்றேன்.

"ஊரு பேருலயே மலை இருக்குதே அண்ணே!" என்றார்.

விருத்தாசலம் என்றால் பழைய மலை. அது பூமிக்குள் அமுங்கிவிட்டதாகச் சொல்கிறார்கள். நான் பார்த்தவரை ஊரில் இருக்கும் ஒரே மேடு, மணிமுத்தாற்றுப் பாலம் ஏறும் இடம்தான்.

விஷயம் வீட்டுக்கு வந்தபோது என் மனைவி பார்வதி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"நீங்க ஜெயிச்சதா சொல்ற வருசம், அம்மை போட்டு வாழையெலையில படுத்துக் கெடந்தீங்கன்னு உங்கம்மாவே சொல்லியிருக்காங்க."

"அம்மை எறங்குன மறுநாள் ஜெயிச்சேன்."

அரிசியை அப்படியே வைத்துவிட்டுத் தகரப் பெட்டியை எடுத்தாள். "முப்பத்தெட்டு வருசமா உங்க வாயிலருந்து ஒரு நெசம் வரல. ஒன்னே ஒன்னு போதும். ஒரு மலை ஏறிட்டு, சாட்சியோட வந்து நெசத்தச் சொல்லுங்க. அன்னைக்கு வூட்டுக்கு வரேன்."

மூன்று தெரு தள்ளியிருந்த தன் தம்பி ரத்தினவேல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

இருபத்திரண்டு நாள் நானே சமைத்தேன். ஒன்பதாம் நாள் தெருநாய் எங்கள் வாசலைவிட்டுக் குடிபெயர்ந்தது. இருபத்திரண்டாம் நாள் சாயங்காலம் ரத்தினவேலே வந்து நின்றான். அகல்விளக்கும் மண்பொம்மையும் செய்கிறவன். ஐம்பத்தாறு வயது, கல்யாணம் ஆகாதவன். அவன் முகம் என் சமையலைவிட மோசமாக இருந்தது.

"மாமா, அக்காவ கூட்டிக்கிட்டுப் போயிடுங்க. பீடிக்கட்ட அடுப்புல போட்டுட்டாங்க. காலையில நாலு மணிக்கு எழுப்புறாங்க. என் வூட்டுல நான் ஒக்கார்றதுக்கே பர்மிஷன் கேக்க வேண்டியிருக்குது."

"மலை ஏறணுமாம் மாப்ள. சாட்சி வேணுமாம்."

"நானே சாட்சி. நானே டீமு. வாங்க."

கல்வராயன் மலையில் பயிற்சி எடுப்பது என்று முடிவானது. ஒரு ஒப்பந்தமும் செய்துகொண்டோம். ஏற்றத்தில் எவன் காலைத் தரையில் ஊன்றுகிறானோ, அவனை மற்றவன் காற்றடிக்கும் பம்பால் ஓர் அடி அடிக்க வேண்டும். இரக்கம் பார்க்கக் கூடாது. இது ரத்தினவேலின் யோசனை. "களிமண்ண நாங்க தட்டித் தட்டித்தான் சட்டியாக்குறோம். உங்களையும் தட்டிப் பாக்குறேன் மாமா, என்னவா வரீங்கன்னு."

மறுநாள் விடியற்காலையில் கிளம்பினோம். நல்லூர்ப் பக்கம், வேப்பூர், சின்னசேலம், கச்சிராயபாளையம் வரை ரோடு தோசைக்கல்லாகக் கிடந்தது. அதுவரை நாங்கள் நல்ல உறவுக்காரர்கள்.

கோமுகி அணைக்கு அப்பால் முதல் வளைவிலேயே ரத்தினவேல் காலை ஊன்றினான். முதுகில் ஒன்று வைத்தேன். இரும்புப் பம்பு. அந்தச் சத்தம் அணைவரை போய்த் திரும்பி வந்தது.

"மெதுவா மாமா!"

"எரக்கம் பாக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன?"

இரண்டாம் வளைவில் நான் ஊன்றினேன். முழங்காலில் அடித்தான். மூன்றாம் வளைவில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஊன்றிவிட்டோம். ஒப்பந்தத்தில் இதற்கு வழி சொல்லவில்லை. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவன் பம்பைச் சுழற்றி என் தாடையில் இறக்கினான். மேல்வரிசைப் பல் ஒன்று தெறித்துப் போய் அவனுடைய முன் டயரில் குத்தி நின்றது. காற்று புஸ்ஸென்று இறங்கியது.

பல்லைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஞ்சர் ஒட்டினோம். காற்றடிக்கலாம் என்று பார்த்தால், பம்பு என் தாடையின் வடிவத்துக்கு வளைந்திருந்தது. அதற்குள் காற்று திரும்பித் திரும்பித்தான் போக வேண்டியிருந்தது. ஒரு மணி நேரம் ஆயிற்று.

பம்பு உபயோகமற்றுப் போனதால் ஒப்பந்தத்தைத் திருத்தி, இனி சைக்கிள் செயின் என்று வைத்துக்கொண்டோம். என் சைக்கிளின் செயினைக் கழற்றி நான் அடிக்க, அதைப் பிடுங்கி அவன் அடித்தான். காலை ஊன்றினால்தான் அடி என்பதும் மறந்துபோனது.

"இது, எங்கக்கா கல்யாணத்துல சைக்கிள் தரலன்னு பந்தியிலருந்து எந்திரிச்சதுக்கு!" என்று அவன் கொடுத்ததைத் தோளில் வாங்கினேன்.

"இது, அதே கல்யாணத்துல என் பட்டு வேட்டியில செம்மண்ணு கையத் தொடச்சதுக்கு!" என்று இடுப்பில் கொடுத்தேன்.

செயின் புதருக்குள் பறந்துவிட்டது. அதற்கு மேல் செயின் இல்லாமலேயே மிதித்தேன். ஏற்றத்தில் அது சற்றுச் சிரமம்.

எட்டாம் வளைவில் கட்டிப் புரண்டோம். அவன் என் காதைக் கடித்தான். பாதிக் காதாவது வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டுமே என்று, அவன் தலைமுடியைப் பிடித்து மைல்கல்லில் மோதினேன். 'வெள்ளிமலை 9' என்று எழுதியிருந்த கல். மோதிய வேகத்தில் கல் பெயர்ந்து தலைகீழாக விழ, ஒன்பது ஆறாகிவிட்டது. எங்களுக்கு மூன்று கிலோமீட்டர் மிச்சம்.

அந்தச் சந்தோஷத்திலும் அவன் என் கழுத்தை விடவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. பார்வதி இல்லாத வீடும், குழைந்த சோறும், வாலைச் சுருட்டிக்கொண்டு போன நாயும் நினைவுக்கு வந்தன. அப்போதுதான் புதரை விலக்கிக்கொண்டு ஒரு கரடி வந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தது. பிறகு எங்களை ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்து, எனக்குக் கன்னத்தில் ஒன்று, அவனுக்கு முதுகில் ஒன்று கொடுத்துவிட்டு, நடுரோட்டில் உட்கார்ந்துகொண்டது. நாங்கள் கைகொடுத்துச் சமாதானமான பிறகுதான் வழிவிட்டது.

வெள்ளிமலையில் டீ குடித்தோம். வாயெல்லாம் ரத்தமாக இருந்ததால் சர்க்கரை தெரியவில்லை.

பொழுது சாய்வதற்குள் ரத்தினவேல் வீட்டு வாசலில் வந்து நின்றோம். பார்வதி எங்களை மேலும் கீழும் பார்த்தாள். உள்ளே போய் வெந்நீரும் மஞ்சளும் கொண்டுவந்தாள். அவள் துடைக்கத் துடைக்க நான் எல்லாவற்றையும், இங்கே எழுதியிருப்பதில் ஒன்று குறையாமல், சொன்னேன். ரத்தினவேல் தலையாட்டினான்.

தம்பியின் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தாள். மூன்று கோடுகள்.

"கரடிக்கு மூணு வெரல்தானா?"

ரத்தினவேல் என்னைப் பார்த்தான்.

"மீதி வெரல்ல முள்ளு குத்தியிருந்துச்சு. மடக்கி வெச்சிருந்துச்சு" என்றேன்.

"உங்கள கேக்கல. டேய், நீ சொல்லு. இங்கருந்து வெள்ளிமலை வரைக்கும் நீயே மிதிச்ச?"

"ஆமாக்கா."

"தனி சைக்கிள்ல?"

"தனி சைக்கிள்லதான். மாமா முன்னால, நான் பின்னால."

பார்வதி அவனையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் வாயைத் திறக்கச் சொல்லி, பல் இருந்த இடத்தில் மஞ்சளை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். "இது நெசம்" என்றாள். திரும்பி, தம்பியின் முதுகில் அழுத்தினாள். அவன் என்னைவிடச் சத்தமாகக் கத்தினான். "இதுவும் நெசம்."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"ஒரு நெசம் கேட்டேன். ரெண்டு பேரும் ஒடம்பு பூரா கொண்டாந்திருக்கீங்க. பெட்டியத் தூக்குங்க, போயி ஒல வெக்கணும்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோது, ரத்தினவேல் தன் வீட்டு வாசலில் யாரையும் கேட்காமல் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். காயம் ஆறாததால் பந்தயத்துக்கு நாங்கள் போகவில்லை.

ரத்தினவேலுக்குப் பிறந்ததிலிருந்து இன்றுவரை சைக்கிள் ஓட்டத் தெரியாது.