காற்று முகத்தில் படாமல்

பிளக்கைப் பிடுங்கியதும் பழைய ஏசி இரண்டு முறை உலுக்கிக்கொண்டு நின்றது. அதன் கடகடப்பு ஓய்ந்த பிறகுதான், அப்பாவின் மூச்சு இனி எல்லாருக்கும் கேட்கும் என்பது நிருஜாவுக்கு உறைத்தது.

காலையில் வந்த தாதி இவளை வாசலுக்குக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி விழத் தொடங்கிவிட்டது, அது நீண்டுகொண்டே போகும், இன்றைக்கோ நாளைக்கோ. நிருஜா அதை அம்மாவிடம் சொல்லவில்லை. லண்டனிலிருந்து தம்பி நிருஜன் வந்துசேர நாளை மத்தியானம் ஆகும். அதுவரை அப்பா போகக்கூடாது, அம்மா உடையக்கூடாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் இரண்டையும் சமாளித்துவிடலாம் என்று நினைத்தாள், பைத்தியக்காரி.

"கொஞ்ச நேரம் அதைத் திரும்பப் போட முடியாதா?" என்று நோர்வேஜிய மொழியில் கேட்டாள்.

"வாயுவை அடைத்துவிட்டேன். இனி ஓடாது" என்றாள் புதியதைப் பொருத்த வந்த சோஃபி. வெளியே ஜூன் மாத வெயில், இருபத்தெட்டு டிகிரி. சூடும் குளிரும் தரும் ஹீட் பம்பை இந்த வெயிலில் சூட்டுக்காகக் கேட்ட முதல் வீடு இதுதான் என்று வந்தபோதே சிரித்திருந்தாள். கூடத்துக் கட்டிலில் கிடப்பவருக்கு என்ன என்று அவள் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை.

அந்த ஏசி, அப்பா இரத்தினவேல் துப்புரவு வேலை செய்த அலுவலகத்தை இடித்தபோது கழற்றிக்கொண்டு வந்தது. கோடையில் நன்றாகக் குளிரும். குளிர்காலத்தில் சூடு மாதிரி ஏதோ ஒன்று வரும். குறை சொன்னால், தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக்கூடாது என்பார். இப்போது அவருக்கு வெயிலிலும் குளிர்ந்தது. "மனுசன் நடுங்குது, நீ பாத்துக்கொண்டு நிக்கிறாய்" என்று அம்மா மூன்று நாள் அரித்த பிறகுதான் நிருஜா புதியதற்குச் சொல்லியிருந்தாள்.

சோஃபி சுவரைத் துளைக்கத் தொடங்கினாள். அந்தச் சத்தத்துக்கு நன்றி சொன்ன ஆள் ரொம்மன் குடியிருப்பில் இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். சத்தம் நின்றபோதெல்லாம் மூச்சின் இடைவெளியை எண்ணினாள். ஏழு. பிறகு எட்டு. குசினியில் அம்மா கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அந்த ஃபேனைப் போடுங்கோ. மணக்குது."

"கஞ்சியில என்னடி மணம்?" என்றாலும் அம்மா வசந்தமலர் அதைப் போட்டாள்.

நான்கு மணிக்குப் புதியது சுவரில் ஏறியது. "கேளுங்கள், சத்தமே இல்லை" என்றாள் சோஃபி பெருமையாக. நிருஜா குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ரிமோட்டில் சூரியன் சூட்டுக்கு, பனிப்பூ குளிருக்கு. அடியில் உள்ள பொத்தான் காற்று வரும் தகட்டைத் திருப்பும். "முகத்தில் நேராகப் படவிடாதீர்கள். படுத்திருப்பவருக்குத் தொண்டை காய்ந்துபோகும்."

அப்பா கண்ணைத் திறந்தார். "எத்தினை வருசக் காரண்டியாம்?"

"அஞ்சு வருசமாம், அப்பா."

"காணும், அது போதும்" என்றார். உதடு கொஞ்சம் சிரித்தது. பிறகு அவர் கதைக்கவில்லை.

சோஃபி பழையதைத் தூக்கிக்கொண்டு போனாள். அம்மா கஞ்சிக் கோப்பையோடு வந்து கால்மாட்டில் உட்கார்ந்து, போர்வைக்குள் கைவிட்டுப் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். "சூடாகுது, பார்" என்றாள். வீட்டில் அந்த மூச்சைத் தவிர வேறு சத்தமில்லை. நிருஜா தொலைக்காட்சியைப் போட எழுந்தாள்.

"அதைப் போடாதை" என்றாள் அம்மா, கஞ்சியைக் கலக்கியபடி. "பதினொண்டு வந்திட்டுது."

நிருஜா நின்றாள்.

"விடியப்புறம் அஞ்சுதான் இருந்தது. நான் ராத்திரியே எண்ணத் தொடங்கிட்டன். உனக்குத் தெரிஞ்சா நீ பயந்துபோவாய் எண்டு சொல்லேல்லை."

நிருஜாவுக்கு அழுகையும் பயமும் ஒன்றாக வந்தன. அம்மாவின் தோளோடு ஒட்டிக்கொண்டு இருந்தாள். பிறகு இரண்டு பேரும் வாய்க்குள் ஒன்றாக எண்ணினார்கள். பதின்மூன்று. பதினாறு. ஐந்தரை மணிபோல் ஒருமுறை நாற்பது வரை போனார்கள். அம்மா நிறுத்தவில்லை. நூறு தாண்டியதும் நிருஜா அவள் கையைப் பிடித்தாள்.

தாதி வந்து பார்த்து, நேரத்தை எழுதினாள். மகன் வரும்வரை வீட்டிலேயே வைத்திருக்கலாம், ஆனால் இந்த வெயிலுக்கு அறை குளிராக இருக்க வேண்டும் என்றாள். ஜன்னலைச் சாத்தி, பதினாறு டிகிரியில் விடச் சொன்னாள். நிருஜா அதை அம்மாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.

"இப்பதானே பிள்ளை சூடாக்கினது" என்றாள் வசந்தமலர். "அவருக்குக் குளிருமே."

அம்மா உள்ளே போய்க் கம்பளிப் போர்வையை எடுத்துவந்து, அவருடைய கால்களைச் சுற்றி இறுக்கிச் செருகினாள்.

நிருஜா ரிமோட்டை எடுத்தாள். சூரியன் போய்ப் பனிப்பூ வந்தது. இருபத்தாறிலிருந்து ஒவ்வொன்றாக, பத்து முறை அழுத்திப் பதினாறுக்கு இறக்கினாள். குளிர்ந்த காற்று இறங்கி அப்பாவின் நெற்றி மயிரை அசைத்தது. அடியில் இருந்த பொத்தானை அழுத்தி, அது அவர் முகத்தில் படாதபடி தகட்டை மேலே திருப்பிவிட்டாள்.