மதில் தடுத்த இலைகள்

அந்த வருடம் இலைகள் மதிலைத் தாண்டி வந்துவிட்டன.

கலரக்கா காலையில் கதவைத் திறந்தால் வாசற்படி வரைக்கும் சருகு. மஞ்சளும் துருவும் காய்ந்த ரத்தச் சிவப்புமாக உள்ளங்கை அகல இலைகள். செருப்பையே அதற்குள் துழாவித்தான் எடுக்க வேண்டியிருந்தது. முந்தைய மூன்று இலையுதிர் காலங்களில் அந்த வாசலில் ஒற்றை இலை கிடந்ததில்லை. பக்கத்து வீட்டு மரத்துக்கும் தன் வீட்டுக்கும் நடுவே இரண்டடி கூடுதலாக அவள் எழுப்பிய மதில்தான் அதற்குக் காரணம். அந்த மதிலைப் பற்றி அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

போதாக்குறைக்கு, வாசல் கேட்டும் இப்போது கீச்சென்று கத்த ஆரம்பித்திருந்தது.

"ஊர்ல இருக்கற லிப்ட் எல்லாம் உங்க புண்ணியத்துல சத்தமில்லாம ஏறி இறங்குது. நம்ம கேட்டுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விட மட்டும் உங்களுக்குக் கை வரல" என்றாள் கணவனிடம். அவன் லிப்ட் மெக்கானிக்.

"இத்தனை நாளா நீதானே விட்டுட்டு இருந்த?"

"நானா? எனக்கு வேற வேலை இல்ல பாருங்க!"

பேச்சு அத்தோடு நின்றது. இருவருக்கும் வேலைக்கு நேரமாகிவிட்டது.

அவள் வேலை செய்வது கார் ஒர்க்ஷாப்பில். இடிபட்ட, உரசல்பட்ட வண்டிகளுக்கு அதே நிறத்தைக் கலந்து பூசுகிற வேலை. பத்து வருட வெயிலில் வெளுத்த நீலத்தை ஒரு பார்வை பார்த்து, கறுப்பில் எத்தனை சொட்டு, பச்சையில் எத்தனை சொட்டு என்று சொல்லிவிடுவாள். வண்டிக்காரரே தன் வண்டியில் அடிபட்ட இடத்தைத் தேடிக்கொண்டு நிற்பார். அங்கே வைத்த பெயர்தான் கலரக்கா. ஞாயிற்றுக்கிழமையானால் கேன்வாஸும் அதை நிறுத்துகிற தாங்கியுமாக வெளியே கிளம்பிவிடுவாள். ஏரிக்கரை, ரயில்பாலம், மார்க்கெட் பின்வாசல் என்று அவள் வரையாத இடம் அந்த ஊரில் இல்லை. பக்கத்து வீட்டு மரம் ஒன்றுதான் பாக்கி.

அதற்குக் காரணம் இருந்தது.

அந்த வீட்டுக்காரர் முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவளுக்கு டிரைவர் அண்ணன். அவர் மனைவி அண்ணி. மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மழைநாளில், ஆறு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வரைந்த படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவள், நனைந்த சருகில் வழுக்கி விழுந்தாள். முழங்கால் படத்துக்குள் போய்விட்டது. வலியும் ஆத்திரமும் சேர்ந்து வாயில் வந்ததையெல்லாம் பேசினாள். தெருவே எட்டிப் பார்த்தது.

"மரத்தை வெட்டுங்க. உங்க குப்பைய அள்ளவா நான் வாக்கப்பட்டு வந்தேன்?" என்பது அதில் கொஞ்சம் மரியாதையான வாக்கியம்.

டிரைவர் அண்ணன் குரலை உயர்த்தவில்லை. "மரத்தை வெட்டமாட்டேன், தங்கச்சி. ஆனா இனிமே உன் வாசல்ல ஒரு இலை கிடந்தா என்னைக் கேளு" என்றார்.

என்ன திமிர் என்று நினைத்தாள். அந்த வாரமே கொத்தனாரைக் கூப்பிட்டு மதிலை உயர்த்தினாள். வாசல் சுத்தமானது. பேச்சும் நின்றது. எதிரே பார்த்தால் அவர் ஒரு மாதிரி சிரிப்பார். இவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நாலு மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்த மனிதர் எழுந்திருக்கவில்லை. கூட்டத்தோடு கூட்டமாக நின்று அவர் பாதத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து தான் பேசிய வார்த்தைகளைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அப்படி இருக்கும்போதுதான் புதன்கிழமை சாயங்காலம் கேட் கத்தியது. அண்ணி நின்றுகொண்டிருந்தாள்.

"சனிக்கிழமை காலையில வண்டி வருது. பொண்ணு வீட்டோட போயிடறேன்" என்றாள். "போறதுக்கு முன்னால உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். எங்க வீட்டையும் மரத்தையும் ஒரு படமா வரைஞ்சு குடுப்பியா?"

கலரக்கா கேட்டை இன்னும் அகலமாகத் திறந்தாள்.

"நானா, அண்ணி?"

"வேற யாரைக் கேப்பேன்? அவருக்கு ரொம்ப நாள் ஆசை. ஏரிக்கரையில நீ வரையறப்ப உனக்குப் பின்னாடி நின்னு பாத்துட்டு வருவாரு. 'ஊர்ல இருக்கற கல்லுமண்ணையெல்லாம் வரையுது. பக்கத்துல நிக்கற நம்ம மரத்தை மட்டும் வரையமாட்டேங்குது. அவ்வளவு கோபம்'னு சொல்லுவாரு. படத்தைப் பாத்தா அவர் இங்கதான் எங்கயோ இருக்காருன்னு எனக்குத் தோணணும். ஆனா அவரை வரைஞ்சுடாத, தாயே. நீ வரையற மனுஷ மூஞ்சியெல்லாம் கத்திரிக்காய் மாதிரி இருக்குன்னும் அவர்தான் சொல்லுவாரு."

மறுநாளிலிருந்து இரண்டு நாள் லீவு போட்டாள்.

எதிர்ச் சாரி நடைபாதையில் தாங்கியை நிறுத்தினாள். அங்கிருந்து பார்த்தால் இரண்டு வீடும், நடுவில் மதிலும், மேலே மரமும் ஒரே பார்வையில் அடங்கின. வெயில் மெல்லியதாக, சூடில்லாமல் விழுந்தது. காற்று ஒரு தடவை அசைந்தால் இருபது இலை இறங்கியது. காலையில் இருந்த மஞ்சள் மத்தியானம் கிளையில் இல்லை. காத்திருக்கிற வண்டிக்குப் பூசிப் பழகியவள் ஓடுகிற வண்டிக்குப் பூசுவது போல விரட்டி விரட்டிப் பூசினாள். அக்ரிலிக் வண்ணம் என்பதால் உடனுக்குடன் காய்ந்தது.

தபால்காரர் சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்த்தார். "டிரைவர் வீடா? அந்தக் கேட்டுகிட்ட என்னையும் போட்டு விடுங்களேன். அந்த மனுஷன் கையில நான் குடுக்காத கடுதாசியா!"

"உங்களைப் போட்டா கத்திரிக்காய் ஆயிடுவீங்க" என்றாள். சொன்ன பிறகு கண் கரித்தது. டிரைவர் அண்ணனின் பகடியை அவள் முதன்முதலாகத் தன் வாயால் சொல்லியிருந்தாள்.

நாலு மணிக்கு அண்ணி சால்வையைப் போர்த்திக்கொண்டு தெருவைத் தாண்டி வந்தாள். படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

"மரம் அச்சு அசல்" என்றாள். "வீடும் அப்படியேதான் இருக்கு. ஆனா..."

"சொல்லுங்க, அண்ணி."

"தரை யாருதுன்னு தெரியல. எங்க வாசல் ஒருநாளும் இப்படிச் சருகு மண்டிக் கிடந்ததில்ல. உங்க வாசலும்தான்."

"எங்க வாசலை விடுங்க. அதுக்குத்தான் மதில் இருக்கே. இந்த வருஷம்தான் என்னவோ காத்து திசை மாறி..."

அண்ணி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. கலரக்காவின் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"உனக்கு நெஜமாவே தெரியாதா?"

"எது?"

"அடி பைத்தியமே! மரம் இருக்கற உயரமென்ன, உன் மதில் உயரமென்ன? மதில் எங்க இலையைத் தடுத்துச்சு? விடியறதுக்குள்ள எந்திரிச்சு அவர்தானே ரெண்டு வாசலையும் பெருக்கினாரு! முதல் பஸ் எடுத்த பழக்கம், நாலரை மணிக்கு மேல படுக்கையில இருப்புக் கொள்ளாது. எங்க பக்கம் முடிச்சுட்டு உங்க கேட்டைத் திறப்பாரு. அது கத்தி உன்னை எழுப்பிடக் கூடாதுன்னு வாரா வாரம் எண்ணெய் வேற. 'மேஸ்திரியம்மா எழுந்துக்கறதுக்குள்ள முடிக்கணும்'பாரு. மதிலை ஏத்தினதுலேர்ந்து உனக்கு அவர் வெச்ச பேரு அதுதான்."

கலரக்கா பிரஷைக் கீழே வைத்தாள்.

"இனிமே ஒரு இலை கிடந்தா என்னைக் கேளுன்னு சொன்னாரே..."

"ஆமா. சொன்னாரு, செஞ்சாரு."

"ஏன் அண்ணி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா நீ வெளக்கமாத்தைப் பிடுங்கிப்ப. 'மதில்தான் தடுக்குதுன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டுப் போகுது பாரு'ன்னு ஜன்னல் வழியாப் பாத்து அப்படிச் சிரிப்பாரு. 'ஒருநாள் அதுவா கண்டுபிடிக்கும். அன்னிக்கு அதோட மூஞ்சியைப் பாக்கணும்'னு காத்துட்டிருந்தாரு." அண்ணி சால்வை நுனியால் மூக்கைத் துடைத்தாள். "இப்ப நான்தான் பாத்துட்டேன். அவருக்குக் குடுத்து வைக்கல."

அன்று அதற்குமேல் பிரஷைத் தொட முடியவில்லை. ராத்திரி சாப்பாட்டின்போது கணவனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே போட்டான். "கேட்டுக்கு எண்ணெய் விட்டது நீன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றான். "மெக்கானிக்னு வெளியில சொல்லிக்கவே வெக்கமா இருக்கு."

வெள்ளிக்கிழமை வெளிச்சம் வந்ததும் அண்ணி வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அண்ணன் பெருக்கின வெளக்கமாறு இருக்கா?"

பின்கட்டில் இருந்தது. நீளக் கம்பு போட்டது. அவள் அதை வாங்கி, உரசல்பட்ட கார்க் கதவைப் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குச்சிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருந்தன. வழக்கம்போலப் பிடித்து இழுத்தால் தரையில் பாதிதான் பட்டது, மீதி அந்தரத்தில் நின்றது. கை மாற்றி, இடது கையைக் கீழே கொடுத்துப் பிடித்தாள். முழுக்கப் படிந்தது.

"வலது தோள் பஸ்ஸோட போச்சு. எல்லாம் இடது கைதான்" என்றாள் அண்ணி.

கலரக்கா பெருக்க ஆரம்பித்தாள். முதலில் டிரைவர் வீட்டு வாசல். பிறகு கீச்சிடுகிற கேட்டைத் திறந்து தன் வாசல். பழக்கமில்லாத கை, தோள் கழன்றுவிடும் போல வலித்தது. இரண்டு வாசலுக்கும் அரை மணிக்கு மேல் பிடித்தது. ஓர் இலையுதிர் காலத்துக்கு எத்தனை விடியல் என்று மனம் எண்ணத் தொடங்கியபோது, வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டாள்.

எதிர்ச் சாரிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தாள். ஈரமண்ணில் வரிவரியாகத் தடம். எல்லாம் வலப்பக்கம் பார்த்து வளைந்த பிறை. அந்தப் பிறைகளை அவளுக்குத் தெரியும். மூன்று வருடம் தினமும் அவற்றை மிதித்துக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறாள். ஆயிரம் வெள்ளையில் ஒரு வெள்ளையைப் பிரித்துச் சொல்கிற கண் அது. காலடியைப் பார்க்கவில்லை.

உட்கார்ந்து வரைந்தாள். சருகைப் பூசியிருந்த இடத்தின் மேல் மண் நிறம் ஏற்றினாள். அதன் மேல், மெல்லிய பிரஷை இடது கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பிறையாக இழுத்தாள். கோடு நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். வேலை செய்த கையின் கோடு பின் எப்படி இருக்கும்?

மதிலுக்கு வந்தபோது கை நின்றது.

நேரில் பார்த்தால் அந்த மதிலில் ஒட்டு தெரியும். கீழே பழைய மதில், மேலே இரண்டடி புதுசு. இரண்டும் இரண்டு நிறம். வண்டிகளுக்கெல்லாம் நிறம் சேர்ப்பவள் தன் மதிலுக்குச் சேர்க்கவில்லை. ஆனால் படத்தில் சேர்த்திருந்தாள். நேற்று அவளறியாமலே கை தொழில் புத்தியைக் காட்டியிருந்தது. ஒரே நிறமாக, ஒரே மதிலாக, எப்போதும் அதே உயரத்தில் இருந்தது போல. அடிபட்ட இடம் தெரியவில்லை.

அண்ணி மத்தியானம் வந்தபோது கலரக்கா கேட்டாள்: "அந்த ரெண்டடியை எடுத்துடட்டுமா, அண்ணி? படத்துலயாவது இல்லாம இருக்கட்டுமே."

"எதுக்கு? மூணு வருஷம் அவரை சிரிக்க வெச்ச மதில். அது இல்லன்னா எனக்கு அவர் சிரிப்பு எங்க ஞாபகம் வரும்? இருக்கட்டும்."

அண்ணி போன பிறகு, பழைய சுண்ணாம்புக்கு ஒன்று, புதுப் பூச்சுக்கு ஒன்று என்று தட்டில் இரண்டு நிறம் கலந்தாள். இரண்டும் சந்திக்கிற இடத்தில் அந்தக் கோட்டைத் தெளிவாகப் போட்டாள். தெருவில் போகிற யார் பார்த்தாலும் தெரியும், இங்கே பிறகு ஏற்றியிருக்கிறார்கள் என்று. அவள் வாழ்நாளில் ஓர் அடிபட்ட இடத்தை வேண்டுமென்றே தெரியும்படி பூசியது அன்றுதான்.

சனிக்கிழமை வண்டி வந்தது. கட்டில், பீரோ, பாத்திர மூட்டைகள் எல்லாம் ஏறின. படத்தை மட்டும் அண்ணி ஏற்றவிடவில்லை. மடியில் வைத்துக்கொள்வேன் என்று கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். துணியை விலக்கி மறுபடி ஒரு தடவை பார்த்தாள். விரலால் தரையைத் தொடாமல் தொட்டு, பிறைகளின் வளைவிலேயே ஓட்டினாள்.

"இப்பதான் பெருக்கி முடிச்சுட்டு உள்ள போயிருக்காரு" என்றாள்.

கலரக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, நான் அவரைப் பேசினதெல்லாம்..."

"அதையெல்லாம் அவர் என்னிக்கோ பெருக்கித் தள்ளிட்டாரு. நீ அள்ளிட்டு வராத."

வண்டி முனை திரும்புகிறவரை கலரக்கா நின்றாள். விடியலில் பெருக்கிய வாசலில் அதற்குள் ஏழெட்டு இலைகள் இறங்கியிருந்தன. மதிலின் மேல் விளக்கமாறு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது, அவள் வீட்டுப் பக்கமாக. அண்ணி வேண்டுமென்றேதான் வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.

கணவன் எண்ணெய்க் குப்பியோடு கேட் அருகே குனிந்திருந்தான்.

"வாரா வாரம் விடணும்" என்றாள்.

"விட்டுடறேன். நீ எங்க கிளம்பிட்ட?"

"அவங்க வாசல்தான் முதல்ல. நம்மது அப்புறம்."

பூட்டிய வீட்டின் முன்னால் போய் நின்று, இடது கையைக் கீழே கொடுத்து, அவள் பெருக்கத் தொடங்கினாள்.