வேறு பிள்ளைகள் உண்டா

பத்மாவதியின் வாயில் தடக்குப்படாமல் வந்த இங்கிலீஷ் சொல் 'நோ' ஒன்றுதான். அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஒஸ்வால்ட் அதை முதல் நாளே கவனித்துவிட்டான். "டூ யூ ஹாவ் எனி..." என்று அவன் தொடங்கினால் போதும், கேள்வி முடியுமுன்னே அவளுடைய 'நோ' வந்து நிற்கும்.

"அன்ரி, கேக்கிற ஆள் கேட்டு முடிக்கட்டும். இவ்வளவு அவசரப்பட்டா பொய் எண்டு நினைப்பாங்க."

அது பழக்கம். இரண்டு வருடமாகப் பொலிஸ், முகாம், செஞ்சிலுவை என்று மேசை மேசையாக அலைந்தவள். உன் மகனுக்கு இயக்கத்தோடு ஏதாவது தொடர்பு உண்டா? இல்லை. எப்போதாவது பயிற்சி எடுத்தானா? இல்லை. கேதீசன் கொட்டாஞ்சேனையில் அறை எடுத்துக் கணக்கியல் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. ஒரு விடியற்காலைச் சுற்றிவளைப்பில் பொலிஸ்காரர் அவனைக் கட்டியிருந்த சறத்தோடு கூட்டிக்கொண்டு போனார்கள். விசாரித்துவிட்டு விடுகிறோம் என்றார்கள். இன்னும் விசாரிக்கிறார்கள் போலும்.

வெள்ளவத்தையில் அந்த நாட்களில் லொட்ஜும், வெளிநாட்டுக்குப் போன் எடுக்கிற கொமினிக்கேஷன் கடையும், இன்டர்வியூ இங்கிலீஷும் கொழித்தன. யுத்தம் எல்லாரையும் கெடுத்துவிடவில்லை. ஒஸ்வால்டும் முப்பது வயதுக்குள் ஒரு கொமினிக்கேஷன் கடையின் மேல்மாடியைப் பிடித்து, வெளிநாட்டுத் தூதரகங்களுக்குப் போகிறவர்களுக்குப் பாடம் நடத்தினான். நல்ல பிள்ளை, ஆனால் கிளிப்பிள்ளை வளர்ப்பதுதான் அவன் தொழில். ஏன் என்று கேட்கிற மாணவர் அவனுக்கு வாய்த்ததில்லை.

ஒரு நாள் 'எனி' வைத்து வசனம் அமைக்கச் சொன்னான். "ஐ ஹாவ் எனி சன்" என்றாள் பத்மாவதி.

"பிழை அன்ரி. ஓம் எண்டு சொல்ற வசனத்தில அந்தச் சொல் இப்பிடி நிக்காது. இல்லை எண்ட வசனத்தில நிக்கும். கேள்வியில நிக்கும்."

"கேள்வியில ஏன் நிக்குது?"

ஒஸ்வால்ட் தலையைச் சொறிந்தான். "கேக்கிற ஆளுக்கு விடை தெரியாதுதானே. ஓமும் வரலாம், இல்லையும் வரலாம். அந்த இல்லை உள்ளுக்குக் கிடக்கிறதால அதுக்கு அங்க இடம் கிடைக்குது. 'சம்' போட்டுக் கேட்டா வேற. வீட்டுக்கு வந்தவங்களிட்ட கொஞ்சம் டீ குடிப்பீங்களா எண்டு கேக்கிற மாதிரி. ஓம் எண்டு சொல்லுவாங்க எண்டு நினைச்சுத்தான் கேக்கிறது."

"பிள்ளையளைப் பற்றி எப்பிடிக் கேப்பினம்?"

"'எனி' போட்டுத்தான். அவங்களுக்குத் தெரியாதே."

அது அவளுக்கு ஒரு ஆறுதலாக இருந்தது. தெரியாத ஆள் கேட்கிற கேள்வி. அதற்குள்ளே கேதீசன் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இரண்டு வருடமாக அவன் அப்படித்தானே இருக்கிறான்.

ரொறன்ரோவிலிருந்து மகள் கௌசல்யா ஒவ்வொரு ஞாயிறும் ஒஸ்வால்டின் வகுப்புக்குக் கீழே இருந்த கடைக்கு அழைப்பாள். அவள்தான் தாயைக் கூப்பிட விண்ணப்பித்தவள். வயிற்றில் முதல் பிள்ளை.

"அம்மா, தம்பியைப் பற்றிக் கதைக்காதேங்கோ. பொலிஸ் பிடிச்சது எண்டு தெரிஞ்சா பைலைத் தூக்கி வருசக்கணக்கில வைச்சிடுவாங்கள். நான் தனிய என்ன செய்யிறது?"

"இல்லையெண்டு சொன்னா, நாளைக்கு அவன் வந்தாலும் கூப்பிடேலாதாம்."

மறுமுனையில் கௌசல்யா அழுதாள். "முதல்ல நீங்கள் வாங்கோ அம்மா. பிறகு பாப்பம்."

அவள் தங்கியிருந்த லொட்ஜில் பக்கத்து அறை நேசமலர் இன்னும் வெளிப்படையாகச் சொன்னாள். "ஆனை வாயில போன கரும்பு, அக்கா. இருக்கிற பிள்ளையைப் பாருங்கோ." பத்மாவதிக்குக் கோபம் வரவில்லை. துக்கமும் வரவில்லை. பல்லுக்கு ஊசி போட்ட கன்னம் மாதிரி எல்லாம் தடித்துப்போய்க் கிடந்தது. மாலையில் ஒஸ்வால்ட் தூதரகத்து மேடமாகி உட்கார்ந்து, "டூ யூ ஹாவ் எனி அதர் சில்ட்ரன்?" என்பான். "நோ, மேடம்" என்பாள். பிறகு லொட்ஜுக்கு வந்து இடியப்பம் தின்று படுப்பாள். நித்திரையும் வந்தது.

தூதரகத்தில் அவளை விசாரித்த அதிகாரி வெள்ளைக்காரப் பெண், மரியாதையான மனுஷி. மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண் பக்கத்தில் இருந்தாள். அவளுக்குப் பத்மாவதி அதிகம் வேலை வைக்கவில்லை. பெயர், ஊர், கணவன் செத்த வருடம், மகளின் விலாசம் என்று எல்லாம் ஒழுங்காகப் போனது.

"டூ யூ ஹாவ் எனி அதர் சில்ட்ரன்?"

"நோ, மேடம்."

அவசரமில்லை, தயக்கமுமில்லை. ஒஸ்வால்ட் பார்த்திருந்தால் பெருமைப்பட்டிருப்பான். அதிகாரி அதை எழுதினாள். எழுதிக்கொண்டே, தலை நிமிராமல், சும்மா சரிபார்க்கிற குரலில் கேட்டாள்.

"நோ அதர் சில்ட்ரன் அட் ஓல்?"

அந்தக் கடைசிச் சொற்கள் ஒஸ்வால்டின் பாடத்தில் வராதவை. பத்மாவதிக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. இது தெரியாத ஆள் கேட்கிற கேள்வியல்ல. வேறு பிள்ளையே இல்லை என்று இவள் முடிவுகட்டி எழுதியும்விட்டாள். தாய் தலையை ஆட்டினால் சரி. பொலிஸ்காரன்கூட எங்களிடம் இல்லை என்றுதான் சொன்னான், இல்லவே இல்லை என்று அவன் சொல்லவில்லை.

அவளுக்குக் கோபம் வந்தது. அந்தப் பெண்ணின் மேலா, தன் மேலேயா என்று தெரியாத கோபம். கௌசல்யாவின் வயிறு நினைவில் வந்தது. வந்தும் வாய் நிற்கவில்லை.

"ஒன் சன்," என்றாள், தேவைக்கு மேல் சத்தமாக. "கேதீசன். மை சன்."

பேனா நின்றது. அதிகாரி இப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தாள். எழுதியதை ஒரு கோட்டால் வெட்டினாள். பைல் இனி எந்த அலுமாரிக்குப் போகும் என்று பத்மாவதிக்கு விளங்கியது.

"வேர் இஸ் ஹி நௌ?"

பத்மாவதி மொழிபெயர்ப்பாளரைத் திரும்பிப் பார்த்தாள். விளங்கவில்லையாக்கும் என்று நினைத்து மொழிபெயர்ப்பாளர் மெல்லத் தமிழில் கேட்டாள். "மகன் இப்ப எங்க, அம்மா?"

"அதைத்தானே பிள்ளை நானும் எல்லாரையும் கேட்டுக்கொண்டு திரியிறன்."